பதனிட்ட தோலும் பாலாற்றுத் தண்ணீரும்





ஜும்ஆ முடிந்து பள்ளியை விட்டு இறங்கும்போது இளைஞர்கள் சிலர் அருகில் வந்து கேட்பதுண்டு: "ஹஜ்ரத், தோல் தொழில் ஹலால்தானே?" ஆம் என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் கேட்பவர் உள்ளத்தில் வேறொரு கேள்வி இருப்பதை நான் அறிவேன். இந்தத் தொழிலால் நம் ஊர்க் கிணறுகளுக்கும் ஆற்றுக்கும் நேர்ந்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. ஆகவே அந்தக் கேள்விக்கு வரலாற்றின் துணையோடு சற்று விரிவாக விடை கூற இந்த மலரின் பக்கங்களைப் பயன்படுத்திக் கொள்கிறேன்.

தோல் தொழிலின் கண்ணியம்

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துவிட்டது. அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். அது செத்த பிராணியாயிற்றே என்று கூறப்பட்டபோது, அதை உண்பதுதான் விலக்கப்பட்டது என்று விளக்கினார்கள். பதனிடப்பட்ட தோல் தூய்மையாகிவிடும் என்பதும் முஸ்லிம் நூலில் வரும் நபிமொழியின் கருத்தாகும். வீணாகப் போகும் ஒரு பொருளை மனிதருக்குப் பயன்படும் பொருளாக மாற்றும் தொழில் இது என்பதை இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கிறது.

எதைக் கொண்டு பதனிடுவது என்பதும் ஹதீஸில் வந்துள்ளது. தண்ணீரும், கரழ் எனப்படும் கருவேல இனத்து மரப்பொருளும் தோலைத் தூய்மையாக்கும் என்ற கருத்தை அபூதாவூத், நஸாயீ ஆகிய நூல்களில் காண்கிறோம்.

இத்தொழிலைத் தம் கைகளால் செய்த புண்ணியவதிகளும் நம் வரலாற்றில் உண்டு. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 629) மூஅத்தா போரில் ஜஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தியோடு நபி (ஸல்) அவர்கள் அவர் வீட்டுக்கு வந்தபோது, அவருடைய துணைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் தோல்களைப் பதனிட்டு முடித்து, மாவு பிசைந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி வைத்திருந்தார்கள் என்று சீறா நூல்கள் கூறுகின்றன. அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டும் தைத்தும் ஈட்டிய பொருளை ஏழைகளுக்கே வழங்கினார்கள். உங்களில் கை நீளமானவரே முதலில் என்னை வந்தடைவார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரிடம் கூறியிருந்தார்கள். அன்னை ஜைனப் (ரலி) அவர்கள் முதலில் மறைந்த பின்னரே, நீளமான கை என்பது உழைத்துக் கொடுக்கும் கை என்று மற்ற அன்னையர் உணர்ந்தார்கள். தோல் தொழிலை இழிவாகக் கருதும் எவருக்கும் இவ்விரு பெண்மணிகளின் வாழ்வே போதிய பதிலாகும்.

ஆவாரம்பட்டையும் அறக்கொடைகளும்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து தமிழகத்தில் நுழைந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், மேல்விஷாரம், ஆற்காடு ஆகிய ஊர்களைத் தொட்டுச் சென்று, வயலூர் அருகே கடலில் கலக்கிறது. அதன் மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழகத்தில் உள்ளது. ஆண்டில் பெரும்பகுதி மணலாகத் தெரிந்தாலும், மணலுக்கடியில் ஓடிய நல்ல நீரே இக்கரைகளில் தோல் தொழில் வேரூன்றுவதற்கு ஒரு முக்கியக் காரணமாயிற்று.

நம் பாட்டனார் காலத்துப் பதனிடும் முறை மரப்பட்டையை நம்பியதாகும். தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, முடியும் சதையும் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கொன்றைப்பட்டைச் சாற்றிலும் பல நாட்கள் ஊறவிட்டு, கடுக்காய் நீரில் முடித்து, எண்ணெய் தடவி உலர்த்துவார்கள். ஆவாரம்பட்டை போதாமற் போன காலத்தில் வாட்டில் மரப்பட்டை வந்து சேர்ந்தது. ஒரு தோல் ஆயத்தமாக வாரக்கணக்கில் ஆகும். 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் இலண்டன் சந்தையில் மதிப்புப் பெற்ற சரக்கு இதுதான். முதல் உலகப் போரின்போது (1914-1918) பிரிட்டிஷ் படையினரின் காலணிகளுக்கு இத்தோல் பெருமளவில் கொள்முதல் செய்யப்பட்டது.

இந்த வருவாயை நம் முன்னோர் தமக்கென மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. நம் மேல்விஷாரத்தில் பிறந்த தோல் வணிகர் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் (1863-1938) அவர்களின் கொடைகளை இவ்வூரில் அறியாதார் இல்லை. மேல்விஷாரம் முஸ்லிம் கல்விச் சங்கம் 1918இல் தோன்றியது. அந்தக் கொடையாளரின் பெயரால் 1965இல் இங்குக் கல்லூரி எழுந்தது. ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் 1924இல் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவிய காக்கா முஹம்மது உமர் சாஹிபும் தோல் வணிகரே. திருச்சிராப்பள்ளியில் 1951இல் தொடங்கப்பெற்ற ஜமால் முஹம்மது கல்லூரி தாங்கி நிற்பதும் சென்னைத் தோல் வணிகர் ஒருவரின் பெயரையே. ஆலிம்களும் பட்டதாரிகளும் ஆயிரக்கணக்கில் உருவாக இத்தொழிலின் வருவாய் உதவியிருக்கிறது. இதற்கு நாம் நன்றி செலுத்தக் கடமைப்பட்டுள்ளோம்.

முறை மாறியது, நீரும் மாறியது

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் சென்னையில் குரோம் பதனிடும் முறையைச் சோதித்துப் பரப்பினார். பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஆகும் வேலை, குரோமிய உப்பில் ஓரிரு நாட்களில் முடிந்துவிடும். எனினும் பாலாற்றுப் பகுதியில் இம்முறை பெரிதும் பரவியது பிற்காலத்தில்தான். 1970களில் மைய அரசு, கச்சாத் தோலாகவும் அரைகுறையாகப் பதனிட்டும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலும் தோற்பொருள்களுமே வெளிநாடு செல்ல வேண்டும் என்ற கொள்கையை மேற்கொண்டது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி பெருகியது, வேலைவாய்ப்பும் பெருகியது. கூடவே கழிவும் பெருகியது.

கழிவு எங்கிருந்து வருகிறது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். அறுக்கப்பட்ட பிராணியின் தோல் கெடாதிருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 சதவீத அளவுக்கு உப்பிடுவது வழக்கம். அந்த உப்பின் பெரும்பகுதி முதல் ஊறலிலேயே நீரில் இறங்கிவிடும். பின்னர்ச் சுண்ணாம்பும் ஸல்பைடும். அதன் பின் அமிலமும் குரோமியமும். தொட்டியில் இடப்படும் குரோமியத்தில் ஒரு பகுதியே தோலில் பிடிக்கும். எஞ்சியது நீரோடு வெளியேறும். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், 170 வகை வரையிலான இரசாயனங்கள் பயன்படுகின்றன என்றும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே குறிப்பிடப்பட்டுள்ளது. பல்லாண்டுகள் இந்நீர் வயலிலும் வாய்க்காலிலும் ஏரியிலும் ஆற்றிலும் விடப்பட்டது. பாலாற்று மணலின் வழியே நல்ல நீர் எளிதில் கிணற்றுக்கு வந்ததைப் போலவே உப்பு நீரும் எளிதில் வந்து சேர்ந்தது. உப்பேறிய கிணற்று நீரைப் பாய்ச்சிய வயலில் நெல்லும் தென்னையும் தளர்ந்தன; கால்நடைகளுக்கும் அந்நீரே வாய்த்தது.

நீதிமன்றம் ஏறிய கிணறுகள்

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கொன்றைத் தொடுத்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணிப்பு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும், கேடு நேருமுன் தடுக்க வேண்டும் என்னும் இரு கோட்பாடுகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாதவை இயங்கக் கூடாது என்றது. இழப்பை மதிப்பிடத் தனி ஆணையம் அமைக்கவும் கட்டளையிட்டது.

உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் பயிலப்படும் தீர்ப்பு இது. நம் மாவட்டத்துக் கிணறுகளே அதன் கருப்பொருள்.

அந்த ஆணையம் 2001 மார்ச்சில் வேலூர் மாவட்டத்திற்கு அளித்த தீர்வில் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டவர்களாகக் கணக்கிடப்பட்டனர். அவர்களுக்கான இழப்பீடு 26 கோடி ரூபாய்க்குச் சற்று அதிகம். பங்கிட்டுப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாய்கூட வராது. அச்சிறு தொகையும் எல்லோருக்கும் முழுமையாகச் சேராமல் வழக்கு தொடர்ந்தது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், நிலுவையிலுள்ள இழப்பீட்டை அரசு ஆறு வாரங்களுக்குள் வழங்கிப் பின்னர் மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று மீண்டும் கட்டளையிட நேர்ந்தது. வழக்குத் தொடங்கி 34 ஆண்டுகள்! அன்று வழக்கை எதிர்பார்த்திருந்த முதியோரில் எத்தனை பேர் மண்ணறைக்கும் சுடுகாட்டுக்கும் போய்ச் சேர்ந்திருப்பார்கள்?

இராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் உற்பத்தியை நிறுத்திய தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை, தோல் பதனிடவும் பயன்படும் குரோமிய உப்புகளைத் தயாரித்தது. அது விட்டுச் சென்ற கழிவு ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் அதிகம். அமெரிக்க நிறுவனம் ஒன்று 2006இல் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டையும் இடம்பெற்றது. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டை சிப்காட் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் நள்ளிரவில் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் சிக்கி மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

ஃபிக்ஹு என்ன சொல்கிறது?

இவ்வழக்குகளைப் பற்றிப் பேசும்போது, நம் சமுதாயத்தின் தொழில் என்பதால் குறிவைக்கிறார்கள் என்று வருந்துவோர் உண்டு. அந்த வருத்தத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் கெட்டுப்போன கிணற்று நீருக்குச் சமயம் கிடையாது. நம்மவர் வீட்டுக் கிணறும்தான் கெட்டது. நீதிமன்றம் கூறியதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நம் ஃபுகஹாக்கள் கூறியதைப் பார்ப்போம்.

தீங்கு செய்வதும் இல்லை, தீங்குக்குத் தீங்கு செய்வதும் இல்லை என்ற கருத்துள்ள நபிமொழி ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. ஹனஃபீ மத்ஹபின்படி உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த சட்டநூல் மஜல்லா ஆகும். ஒருவருடைய கிணற்றுக்கு அருகே மற்றொருவர் கழிவுக்குழி தோண்டி அதன் நீரைக் கெடுத்தால் அத்தீங்கு அகற்றப்பட வேண்டும், அகற்ற இயலாவிட்டால் குழியே மூடப்பட வேண்டும் என்பது அதன் விதி. ஆதாயத்தை அனுபவிப்பவனே அதன் சுமையையும் ஏற்க வேண்டும் என்பது மற்றொரு விதி. எங்கள் பாட்டனார் காலத்திலிருந்தே இப்படித்தான் என்று சொல்வோருக்கும் அங்கு விடை இருக்கிறது: பழமையைக் காரணம் காட்டித் தீங்கை நிலைநிறுத்த முடியாது என்கிறது ஒரு விதி. 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியதைக் கேட்டு நாம் வியப்படையத் தேவையில்லை. நம் மதரஸா மாணவர் ஓதும் விதிகளின் கருத்தும் அதுவே.

முற்காலத்து ஹிஸ்பா நூல்களும் இதே நோக்குடையவை. நெருப்பும் புகையும் தேவைப்படும் ரொட்டிக்கடை, கொல்லன் பட்டறை முதலியவற்றை நறுமணக் கடைக்கும் துணிக்கடைக்கும் அருகில் அமைக்க முஹ்தஸிப் இடமளிக்கக் கூடாது என்று அவை எழுதின. 1453இல் கான்ஸ்தாந்திநோபிளை வென்ற சுல்தான் முஹம்மது ஃபாதிஹ், தோல் பதனிடுவோருக்கு நகர மதிலுக்கு வெளியே இடம் ஒதுக்கினார். தொழிலைத் தடுக்கவில்லை, அது பிறரைத் தாக்காதபடி ஒழுங்கு செய்தார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன். அல்லாஹ்வுக்குரிய கடமையில் செய்த குறையை அவன் நாடினால் மன்னிப்பான். அடியார்களுக்குரிய ஹக்கு, அதாவது ஹக்குல் இபாத், உரியவரிடம் சேர்த்தாலோ அவர் மனம் பொருந்தி விட்டுக்கொடுத்தாலோ அன்றித் தீராது. தொழுகை, நோன்பு, ஜகாத் ஆகியவற்றோடு மறுமையில் வரும் ஒருவர், பிறரை ஏசியும் அவர்கள் பொருளை உண்டும் இருந்த காரணத்தால் தம் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்து வெறுங்கையராக நிற்பார், அவரே உண்மையான திவாலானவர் என்ற கருத்துள்ள ஹதீஸை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பள்ளிவாசலுக்குத் தரும் நன்கொடை, நிலம் உப்பேறிய விவசாயியின் ஹக்கை அடைக்காது. மதரஸாவுக்குத் தரும் ஸதகா, கிணறு கெட்ட விதவையின் ஹக்கை அடைக்காது. அவர் எச்சமயத்தவராயினும் சரியே. கொடையாளரின் கொடையில் வாழும் இமாமாகிய நான் இதைச் சொல்லாதிருந்தால் அந்த மௌனத்துக்கு நானும் பதில் சொல்ல வேண்டியவன் ஆவேன்.

திருத்திக்கொண்ட வழி

தீர்ப்புக்குப் பின் நம்மவர்கள் கைகட்டி நிற்கவில்லை என்பதையும் நேர்மையோடு கூற வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, நம் மேல்விஷாரம் ஆகிய இடங்களில் தொழிலதிபர்கள் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தார்கள். 1948இல் சென்னையில் தொடங்கப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வழிகாட்டியது. கழிவிலுள்ள குரோமியத்தை மக்னீசியம் ஆக்ஸைடைக் கொண்டு படியவைத்து, அமிலத்தில் கரைத்து மீண்டும் பயன்படுத்தும் முறை வந்தது. உப்பு மிகுந்த முதல் ஊறல் நீரைத் தனியே பிரித்து வெயில் பாத்திகளில் உலர்த்தும் வழக்கம் வந்தது. பின்னர், ஒரு துளியும் வெளியேறாமல் நீரை வடிகட்டி மீண்டும் தொழிற்சாலைக்கே அனுப்பும் ஏற்பாடும் வந்தது. இதில் எஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பது இன்னும் தீராத சிக்கல். இவற்றுக்கெல்லாம் பெரும் பொருள் செலவாயிற்று. சிறு தொழில் செய்தோர் பலர் தாங்க இயலாமல் தொழிலை விட்டார்கள். அந்தக் குடும்பங்களின் துயரமும் இந்த வரலாற்றின் ஒரு பகுதியே.

ஆயினும் செலவு செய்து நீரைத் தூய்மையாக்குபவரும், மழை இரவு பார்த்து மதகைத் திறந்துவிடுபவரும் சந்தையில் ஒரே விலைக்குத் தோல் விற்கிறார்கள் என்றால், பின்னவரின் ஆதாயம் அண்டை வீட்டாரின் கிணற்றிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை மறக்கலாகாது. பூமியில் குழப்பம் விளைத்துப் பயிரையும் உயிரினங்களையும் அழிப்பவனை அல்லாஹ் விரும்புவதில்லை என்ற கருத்து அல்பகரா அத்தியாயத்தில் வந்துள்ளது. பயிர், உயிரினம் என்ற இரு சொற்களும் பாலாற்றங்கரைக்காகவே இறங்கியவை போல் எனக்குத் தோன்றுவதுண்டு.

இளைஞருக்கு என் விடை

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருகிறேன். தோல் தொழில் ஹலால்தான். ஆனால் ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது பொருள் ஹலாலா என்று மட்டும் கேட்டால் போதாது. அதைச் செய்யும் முறையும் ஹலாலா என்று கேட்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன்.

ஒன்று, இங்கிருந்து வெளியேறும் நீர் எங்கே போகிறது? இரண்டு, இங்கு உழைப்பவரின் உயிருக்கும் உடலுக்கும் பாதுகாப்பு இருக்கிறதா, வியர்வை உலருமுன் கூலி கிடைக்கிறதா? மூன்று, இத்தோலைத் தந்த பிராணி இரக்கத்தோடு நடத்தப்பட்டதா? அறுப்பவர் கத்தியைத் தீட்டி அதன் வேதனையைக் குறைக்க வேண்டும் என்று கற்பித்த மார்க்கம் நம்முடையது. வண்டியில் திணித்து, நீரின்றி வாட்டி, வாலை முறித்து ஓட்டிவந்த மாட்டின் தோலில் பரக்கத் எங்கிருந்து வரும்? நான்கு, இந்த வேலையால் நானும் என் வீட்டாரும் அல்லாமல் வேறு எவருக்கு நன்மை?

இந்த நான்குக்கும் நல்ல விடை தரும் தோல் தொழிற்சாலை இருந்தால் அதில் சேருங்கள். அன்னை ஜைனப் (ரலி) அவர்களின் தொழில் அது. இல்லையென்றால் கூலி சற்றுக் குறைந்தாலும் வேறு வேலை தேடுங்கள். வேதியியல் படிக்கும் நம் கல்லூரி மாணவர்கள், உப்பைக் குறைத்துத் தோலைப் பாதுகாக்கும் வழியையும் குரோமியமின்றிப் பதனிடும் வழியையும் ஆராயலாம். அதுவும் இபாதத்தே. கெட்ட நிலத்தை மீட்டு மரம் நடுபவருக்கு, பறவையும் மனிதனும் கால்நடையும் அதிலிருந்து உண்ணும் காலமெல்லாம் ஸதகாவின் நன்மை உண்டு என்று நபிமொழி நற்செய்தி கூறுகிறது.

தொழிலதிபர்களாகிய பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு ஜகாத்தைக் கணக்கிட அமரும்போது, அதற்கு முன்னதாக மற்றொரு கணக்கையும் எழுதுங்கள்: நம் தொழிலால் கிணறு கெட்டவர் எவர், நிலம் கெட்டவர் எவர், அவருக்கு நாம் தர வேண்டியது என்ன என்று. ஜகாத் கணக்கில் கடன் முதலில் கழிக்கப்படும் என்பது நீங்கள் அறிந்ததே. இதுவும் கடன்தான்.

தோல் பதனிடப்பட்டால் தூய்மையாகிவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்கு நற்செய்தி தந்தார்கள். அத்தோலைத் தூய்மையாக்கித் தன்னை அழுக்காக்கிக்கொண்ட தண்ணீரை மீண்டும் தூய்மையாக்கும் பொறுப்பு நம்மிடம் இருக்கிறது. அந்த நீரில் தன் பிள்ளைக்கு ஒளூ செய்யக் கற்றுக்கொடுக்க நம்மில் ஒவ்வொருவருக்கும் மனம் வரும் நாளே இத்தொழில் முழுமை பெறும் நாள்.

யா அல்லாஹ்! எங்கள் ரிஸ்கை ஹலாலானதாகவும், எங்கள் அண்டை வீட்டாருக்கும் வாயில்லா ஜீவன்களுக்கும் தீங்கில்லாததாகவும் ஆக்கி அருள்வாயாக! எங்கள் முன்னோரின் அறக்கொடைகளை ஏற்றுக்கொள்வாயாக! பிறர் ஹக்கு எங்கள் கழுத்தில் இருக்கும் நிலையில் எங்களை உன்னிடம் அழைத்துக்கொள்ளாதிருப்பாயாக! ஆமீன்.